சட்டை மாற்றும் கிருமி

மூன்று நாள் கடுங்காய்ச்சல். பிறகு ஏறக்குறைய ஒரு வாரம் நலம். நோய் ஒழிந்தது என்று நினைக்கும்போதே மீண்டும் காய்ச்சல்! வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், மலைக்குடில்களில் தங்குவோரை உண்ணிகள் கடிப்பதால் இந்த மீள்காய்ச்சல் தொற்றுகிறது. இதற்குக் காரணம் ‘பொரேலியா ஹெர்ம்சி’ எனும் பாக்டீரியா.

நம் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருள்கள், இக்கிருமியை அதன் மேற்பரப்பிலுள்ள புரதத்தைக் கொண்டே அடையாளம் காண்கின்றன. கிருமியோ அப்புரதத்தையே மாற்றிவிடுகிறது. எப்படி? இப்புரதத்துக்கான மரபணுக்கள் அதனிடம் பல உள்ளன. ஆனால், குறிப்பிட்ட ஓர் இடத்தில் இருக்கும் மரபணு மட்டுமே வேலை செய்யும். மற்றவை அலமாரியில் மடித்து வைத்த சட்டைகளைப் போல உறங்கிக் கிடக்கும். அவற்றுள் ஒன்றன் நகல் சில வேளைகளில் அந்த இடத்தில் பதிந்து, பழையதை நீக்கிவிடுகிறது.

கிருமி எதிர்ப்பொருளைக் கண்டு அஞ்சி மாறுவதில்லை. அதற்கு மூளை ஏது? மாற்றம் தற்செயலாகவே நிகழ்கிறது. பழைய புரதம் கொண்ட கிருமிகள் யாவும் அழிய, முன்னரே மாறியிருந்த சில மட்டும் தப்பிப் பெருகுகின்றன. அடுத்த காய்ச்சல் அவற்றால் வருவதுதான்.

நல்ல வேளையாக, டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் சட்டையைப் பார்ப்பதில்லை. அவை கிருமிக்குள் நுழைந்து, புரதம் உருவாவதையே தடுத்துவிடுகின்றன.