பனிச்சாலையும் சக்கரச் சங்கிலியும்

மணாலியிலிருந்து லாஹௌல் பள்ளத்தாக்குக்குச் செல்ல, முற்காலத்தில் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயை ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட, சுமார் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை அந்தத் தொல்லையை நீக்கிற்று. ஆயினும் சுரங்கத்தின் இரு வாயில்களும் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளன. அவற்றை அடையும் சாலைகள் குளிர்காலத்தில் பனியால் மூடப்படுகின்றன. 2024 டிசம்பரில் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் இடையே நூற்றுக்கணக்கான வண்டிகள் வழுக்கும் பனியில் நகரமாட்டாமல் நின்றுவிட்டன. இத்தகைய சாலைகளில் கடமையின் பொருட்டுச் செல்லும் களப்பணியாளருக்குச் சக்கரச் சங்கிலி இன்றியமையாத கருவியாகும். ஓட்டுநர்கள் இதனைச் ‘செயின்’ என்றே வழங்குவர். அதன் பயனையும், பயனுக்குள்ள எல்லையையும் அறிந்துகொள்ளுதல் நலம்.

வண்டி நகர்வதும், திரும்புவதும், நிற்பதும் டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வைப் பொறுத்தவை. உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.7 ஆகும். வண்டிகள் ஏறி மிதித்து இறுகிய பனியில் அது 0.2 அளவுக்கும், பனிக்கட்டிப் படலத்தில் 0.1 அளவுக்கும் குறைந்துவிடும். உருகுநிலையை நெருங்கிய பனிக்கட்டியின்மீது மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால் அது மேலும் வழுக்கும். ஆகவே கடுங்குளிர் நிலவும் விடியற்காலையைவிட, வெயில் பட்டுப் பனி இளகும் நண்பகலில் சில இடங்களில் அபாயம் மிகுதி.

இவ்வெண்களின் பொருளை ஒரு கணக்கு விளக்கும். வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம் ஆகியவற்றின் பெருக்குத் தொகையின் இருமடங்கால் வகுத்தால், பிரேக் பிடித்தபின் சமதரையில் வண்டி ஓடும் தூரம் கிடைக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி உலர்ந்த சாலையில் 5 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் சுமார் 18 மீட்டரும், பனிக்கட்டியில் சுமார் 35 மீட்டரும் ஓடும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் தாழும் சரிவில், குணகம் 0.1 ஆக இருப்பின் வண்டியை நிறுத்த உராய்வு போதவே போதாது. பிரேக்கை எவ்வளவு அழுத்தினும் அது வழுக்கிக்கொண்டே செல்லும்.

சங்கிலி இந்நிலையை மாற்றுவது எவ்வாறு? ரப்பர் பனியின் மேற்பரப்பில் வழுக்குகிறது. ஆனால் சங்கிலியின் கண்ணிகளோ வண்டியின் பாரத்தால் அழுந்திப் பனியைக் கடித்துப் பற்றுகின்றன. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் என்பவர் 1904இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சக்கரங்களில் கயிறு சுற்றிக்கொள்ளும் வழக்கத்தைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் உதித்ததாகக் கூறுவர்.

சங்கிலிகளில் ஏணிப்படி அமைப்பும் சாய்சதுர அமைப்பும் பெருவழக்கானவை. ஏணிப்படி அமைப்பில் கண்ணிகள் டயரின் குறுக்கே மட்டும் அமைந்திருக்கும். முன்னோக்கி இழுக்க அது ஏற்றது, பக்கவாட்டில் சறுக்குவதைத் தடுப்பதில் குறைபாடுடையது. சாய்சதுர அமைப்பு இரண்டையும் ஓரளவு தடுக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி குறைந்த சிறு கார்களுக்கு மெல்லிய கம்பிவடத்தாலான வகை பொருந்தும். வண்டிக்குச் சங்கிலி பொருந்துமா என்பதை அதன் கையேட்டில் முதலில் பார்த்தல் வேண்டும்.

அளவு பிழைபடலாகாது. டயரின் பக்கத்தில் 165/80 ஆர் 14 என்பதுபோல் எழுதப்பட்டிருக்கும். முதல் எண் அகலத்தை மில்லிமீட்டரிலும், அடுத்தது அகலத்துக்கு உயரம் எத்தனை விழுக்காடு என்பதையும், இறுதி எண் சக்கர வளையத்தின் விட்டத்தை அங்குலத்திலும் குறிக்கும். இம்மூன்றும் ஒத்த சங்கிலியையே வாங்குதல் வேண்டும். தளர்ந்த சங்கிலி அறுந்து பிரேக் குழாயைச் சேதப்படுத்தக்கூடும்.

எந்தச் சக்கரத்தில் பூட்டுவது? எஞ்சின் இயக்கும் சக்கரங்களிலேயே பூட்ட வேண்டும். பல கார்களில் அவை முன்சக்கரங்கள். பெரும்பாலான லாரி, பேருந்துகளில் பின்சக்கரங்கள். நான்கு சக்கர இயக்க வண்டிக்குக் கையேடு கூறும் சக்கரங்களில் பூட்டலாம். நான்கிலும் பூட்டுவதே சிறந்தது. முன்சக்கரங்களில் மட்டும் பூட்டினால், இறக்கத்தில் பிரேக் பிடிக்கையில் வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் திரும்பிவிடலாம். பின்சக்கரங்களில் மட்டும் பூட்டினால் ஸ்டீயரிங்குக்கு வண்டி சரிவரக் கட்டுப்படாது.

பூட்டும் வேலையைச் சரிவில் சிக்கியபின் தொடங்குவது தவறு. சரிவுக்கு முன்னரே, போக்குவரத்துக்கு ஒதுங்கிய சமதரையில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக் இட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொள்ள வேண்டும். சங்கிலியைச் சிக்கலின்றி விரித்து, கொக்கிகளின் திறந்த முனை டயரைக் குத்தாதவாறு வெளிப்புறம் பார்த்திருக்க, டயரின்மேல் போர்த்துக. முதலில் உட்புறக் கொக்கியையும் பின்னர் வெளிப்புறக் கொக்கியையும் மாட்டி இறுக்குக. பூட்டுவதற்காக டயரின் காற்றைக் குறைத்தல் கூடாது. சுமார் 100 மீட்டர் மெல்லச் சென்று நிறுத்தி, மீண்டும் இறுக்குதல் அவசியம். கையுறை, டார்ச் விளக்கு, மண்டியிட ஒரு தார்ப்பாய் ஆகியவை உடன் இருத்தல் நன்று. வெறுந்தரையில் பட்டப்பகலில் ஒருமுறையேனும் பூட்டிப் பழகாதவர், இருளில் விறைத்த விரல்களுடன் அதனைச் செய்தல் அரிது.

இத்தனை செய்தபின்னும் நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. சங்கிலி உராய்வை உயர்த்தும். உலர்ந்த தார்ச்சாலையின் அளவுக்கு உயர்த்தாது. ஏற்றத்தில் வண்டி உறுதியாக ஏறுவதைக் கண்டு, இறக்கத்திலும் அவ்வாறே நிற்கும் என்று நம்புவோரே பெரும்பாலும் ஏமாறுகின்றனர். தயாரிப்பாளர் குறிக்கும் வேக எல்லை பொதுவாக 50 கிலோமீட்டருக்கு மேற்படுவதில்லை. மலைச்சரிவில் அதனினும் மிகக் குறைந்த வேகமே தகும். தாழ்ந்த கியரில், முன்செல்லும் வண்டிக்கு நெடுந்தூரம் விட்டு, ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் மென்மையாகக் கையாள வேண்டும். பனி தீர்ந்து வெறுஞ்சாலை வந்ததும் சங்கிலியைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் அது விரைவில் தேய்வதோடு டயரையும் சாலையையும் கெடுக்கும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் எளிதில் விளக்கலாம். ஒரு பலகையின்மேல் மரக்கட்டையை வைத்துப் பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துக. கட்டை சறுக்கத் தொடங்கும் கணத்தில், உயர்ந்த முனையின் உயரத்தை அதன் கிடைத்தூரத்தால் வகுத்தால் கிடைப்பதே உராய்வுக் குணகம். பலகையில் சோப்பு நீர் தடவி மீண்டும் செய்து பார்த்தால், சரிவு சிறிதாயிருக்கும்போதே கட்டை இறங்கிவிடும். மலைச்சாலையில் வண்டி நிற்பதும் சறுக்குவதும் இதே விதிக்கு உட்பட்டவை. சங்கிலி பூட்டிய வண்டிக்கும் அவ்விதியினின்று விலக்கு இல்லை.