மூத்த வீரர்களின் வெற்றிக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரைத் தளமாகக் கொண்ட பிரேக்கர்ஸ் கூடைப்பந்து அணி, 2013 ஏப்ரலில், ஆஸ்திரேலிய தேசிய கூடைப்பந்து லீக்கின் கோப்பையைத் தொடர்ந்து மூன்றாவது முறையாக வென்றது. அந்தப் பருவத்தின் 28 லீக் ஆட்டங்களில் 24 ஆட்டங்களை வென்றிருந்த அவ்வணி, இறுதிச் சுற்றில் பெர்த் வைல்ட்கேட்ஸ் அணியை அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களிலேயே தோற்கடித்தது. அணியின் மூத்த வீரர்களான டிலன் பௌச்சர், சி.ஜே. புரூட்டன் ஆகிய இருவரும் 1975 டிசம்பரில் பிறந்தவர்கள். கோப்பையை ஏந்தியபோது இருவருக்கும் வயது 37.

அதே மாதத்தில், அமெரிக்காவின் புகழ்பெற்ற லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியின் பருவம் வேறு விதமாக முடிந்தது. 39 வயதான ஸ்டீவ் நாஷ், 34 வயதான கோபி பிரையன்ட் ஆகியோரை நம்பிக் களமிறங்கிய அந்த அணி, 82 ஆட்டங்களில் 45ஐ மட்டுமே வென்றது. பருவத்தின் இரண்டாவது ஆட்டத்திலேயே நாஷின் கால் எலும்பு முறிந்தது. ஐந்து ஆட்டங்கள் முடிந்த நிலையில் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். ஏப்ரலில் பிரையன்டின் குதிகால் தசைநார் அறுந்தது. அதன் பின்னர் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்று, லேக்கர்ஸ் முதல் சுற்றுடன் வெளியேறியது.

வயதான நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு ஓர் அணி வெல்ல முடியுமா என்பது விளையாட்டுலகில் அடிக்கடி எழும் வினா. முடியும் என்பதை ஆக்லாந்து காட்டியது. ஆயினும், அதைவிட முக்கியமான வேறொரு வினா உண்டு. அந்த வெற்றிக்கான விலையை யார், எப்போது கொடுக்கிறார்கள் என்பதே அது.

பொறுப்பு குறைந்தது, பயன் குறையவில்லை

பிரேக்கர்ஸ் கழகம் 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. நியூசிலாந்தில் இருந்துகொண்டு ஆஸ்திரேலிய லீக்கில் ஆடும் அணி என்பதால், அதற்கு வெளியூர் ஆட்டம் ஒவ்வொன்றும் வெளிநாட்டுப் பயணமாகும். சிட்னி செல்வதற்கே 2,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும். பெர்த் நகரம் 5,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. முப்பத்தைந்து வயதைக் கடந்த ஓர் உடலுக்கு, ஆட்டத்தைவிட இத்தகைய பயணமும் அதற்குப் பிந்தைய மீட்சியுமே பெரும் சோதனை.

வயது ஏறும்போது முதலில் குறைவது குதிக்கும் வேகமும் திடீரென விரையும் ஆற்றலுமே. களைப்பிலிருந்து மீள்வதற்குத் தேவைப்படும் காலமும் நீள்கிறது. ஆனால், எதிரணியின் நகர்வை முன்கூட்டியே உணர்வது, எந்த இடத்தில் நிற்பது என்று அறிவது, எப்போது பந்தைக் கைமாற்றுவது என்று தீர்மானிப்பது ஆகிய திறன்கள் அவ்வளவு விரைவில் மங்குவதில்லை. எனவே, மூத்த வீரரிடமிருந்து எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பதே பயிற்சியாளரின் முதன்மையான முடிவாகிறது.

அன்றைய பயிற்சியாளர் அன்ட்ரே லெமானிஸ் இதில் தெளிவாக இருந்தார். பந்தை முன்னெடுத்துச் செல்லும் கடினமான பொறுப்பு, இருபதுகளின் பிற்பகுதியில் இருந்த அமெரிக்க வீரர் செட்ரிக் ஜாக்சனிடம் இருந்தது. லீக்கின் சிறந்த வீரர் விருதும், இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருதும் 2013இல் அவருக்கே கிடைத்தன. முப்பது வயதான மிகா வுகோனாவும், 25 வயதான டாம் அபர்குரோம்பியும் உடல் வலிமை தேவைப்படும் பணிகளை ஏற்றனர். பௌச்சர் மாற்று வீரராக இறங்கி, தடுப்பாட்டத்தை ஒழுங்குபடுத்தினார். அதற்கு முந்தைய ஆண்டில், தமது 36ஆம் வயதில், இறுதிச் சுற்றின் சிறந்த வீரராகத் தெரிவான புரூட்டனும் தமது பங்கு சுருங்கியதை ஏற்றுக்கொண்டார்.

லீக்கின் அமைப்பும் இதற்குத் துணை நின்றது. 2009-10 பருவத்தில் ஆட்ட நேரம் 48 நிமிடங்களில் இருந்து 40 நிமிடங்களாகக் குறைக்கப்பட்டிருந்தது. அமெரிக்க லீக்கின் 82 ஆட்டங்களுடன் ஒப்பிடுகையில், இங்கு 28 ஆட்டங்களே. இன்னொரு புறம், அன்று ஓர் அணி இரண்டு வெளிநாட்டு வீரர்களை மட்டுமே சேர்க்கலாம். அதனால் உள்ளூர் வீரர்களின் நீடித்த பங்களிப்பு இன்றியமையாததாக இருந்தது. 2002 உலகக் கூடைப்பந்துப் போட்டியில் நான்காம் இடம் பெற்று உலகை வியக்கவைத்த நியூசிலாந்து தேசிய அணியில் ஆடியவர்களான பௌச்சர், பால் ஹெனாரே போன்றோர், கழகத்தின் அனுபவச் சேமிப்பாக விளங்கினர்.

எனினும், அனுபவம் மட்டுமே வெற்றி தந்துவிடுவதில்லை. அணியின் தலைசிறந்த புள்ளி எடுப்பாளரான கிர்க் பென்னி 2010இல் கழகத்தை விட்டுச் சென்றார். அவர் இல்லாத 2011ஆம் ஆண்டில்தான் பிரேக்கர்ஸ் தனது முதல் கோப்பையை வென்றது. 2016இல், 36 வயதை நெருங்கிய நிலையில், அவர் கழகத்துக்குத் திரும்பினார். அவர் ஆடிய அடுத்த இரு பருவங்களில் ஒன்றில் அணி இறுதிக் கட்டத்துக்கே தகுதி பெறவில்லை. மற்றொன்றில் அரையிறுதியில் தோற்றது. பெரிய பெயர் திரும்பி வந்தாலும், அதைத் தாங்கி நிற்கும் நடுவயது வீரர் வரிசை இல்லாவிட்டால் பயன் குறைவு என்பதை இது உணர்த்துகிறது.

அடுத்த ஆண்டில் வந்த சோதனை

2013 வெற்றிக்குப் பின் பௌச்சர் ஓய்வு பெற்றார். லெமானிஸ் ஆஸ்திரேலிய தேசிய அணியின் பயிற்சியாளரானார். ஜாக்சனும் விலகினார். விளைவு உடனடியாகத் தெரிந்தது. 2013-14 பருவத்தில் அணி 28 ஆட்டங்களில் 11ஐ மட்டுமே வென்று, இறுதிக் கட்டத்துக்குத் தகுதி பெறத் தவறியது. அப்பருவத்துடன் புரூட்டனும் விடைபெற்றார்.

இந்தச் சரிவு ஓராண்டுடன் நின்றதே கவனத்துக்குரியது. புதிய தலைமைப் பயிற்சியாளர் டீன் விக்கர்மன், லெமானிஸுக்குத் துணையாக இருந்து அதே முறையைக் கற்றவர். 2011இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹெனாரே பயிற்சிக் குழுவில் இருந்தார். பின்னர், 2016இல், அவரே தலைமைப் பயிற்சியாளரானார். வுகோனா, அபர்குரோம்பி, ஆக்லாந்திலேயே வளர்ந்த கோரி வெப்ஸ்டர் ஆகியோர் முன்வரிசைக்கு வந்தனர். ஜாக்சன் மீண்டும் அழைக்கப்பட்டார். 2015இல் பிரேக்கர்ஸ் நான்காவது கோப்பையை வென்றது.

அரசியலில் ஆட்சி மாற்றத்தை ஆராய்பவர்கள், ஒரு தலைவரின் செல்வாக்கையும் அவர் விட்டுச்செல்லும் நிறுவனத்தின் வலிமையையும் வேறுபடுத்திப் பார்ப்பார்கள். விளையாட்டுக் கழகங்களுக்கும் அது பொருந்தும். மூத்தவர் களத்தில் இருக்கும்போதே அவரது அறிவு மற்றவர்களுக்குக் கைமாறியிருந்தால், அவர் போன பின் வரும் வெற்றிடம் குறுகியதாக இருக்கும்.

எதிர்காலத்தை ஈடுவைத்த அணி

இதற்கு நேர்மாறான உதாரணம் நியூயார்க்கில் உள்ளது. 2013 கோடையில், புரூக்ளின் நெட்ஸ் அணி, பாஸ்டன் செல்டிக்ஸ் அணியிடமிருந்து 37 வயதான கெவின் கார்னெட், 35 வயதான பால் பியர்ஸ் ஆகியோரைப் பெற்றது. அதற்கு ஈடாக 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் முதல் சுற்றுப் புதிய வீரர் தெரிவு உரிமைகளையும், 2017இல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் விட்டுக்கொடுத்தது. அமெரிக்க லீக்கில் தோற்கும் அணிகளுக்கே சிறந்த இளம் வீரர்களைத் தெரிவு செய்யும் முன்னுரிமை பொதுவாகக் கிடைக்கும். வீழ்ந்த அணி எழுவதற்கான வழி அது. நெட்ஸ் அந்த வழியையே விற்றுவிட்டது.

மூத்த நட்சத்திரங்களுடன் அந்த அணி 2014இல் இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. 2016-17இல் 82 ஆட்டங்களில் 20 வெற்றிகளே பெற்றது. அந்தத் தோல்விகளின் பலனைக்கூட அது அனுபவிக்க முடியவில்லை. கைமாறிய உரிமைகளின் வழியாக ஜேலன் பிரவுன், ஜேசன் டேட்டம் ஆகியோர் பாஸ்டனுக்குச் சென்றனர். 2024இல் பாஸ்டன் கோப்பையை வென்றபோது அவ்விருவரே அதன் தூண்கள்.

இந்தச் சிதைவைச் சீர்செய்ய 2016 பிப்ரவரியில் நெட்ஸ் அணியின் பொது மேலாளராக நியமிக்கப்பட்டவர் ஷான் மார்க்ஸ். ஆக்லாந்தில் பிறந்தவரான அவர், 2002இல் நான்காம் இடம் பெற்ற அதே நியூசிலாந்து அணியில் ஆடியவர். பிற அணிகள் கைவிட்ட இளைஞர்களைச் சேர்த்து வளர்த்ததன் மூலம், 2018-19இல் அணியை 42 வெற்றிகளுடன் மீண்டும் இறுதிக் கட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

சென்னையும் யாழ்ப்பாணமும்

தமிழ் வாசகர்களுக்கு இக்கதை புதிதல்ல. இரண்டாண்டுத் தடைக்குப் பின் 2018இல் ஐபிஎல் போட்டிக்குத் திரும்பிய சென்னை சூப்பர் கிங்ஸ், வீரர்களின் வயதுக்காகக் கேலி செய்யப்பட்டது. 36 வயதான தோனியின் தலைமையில், அதே வயதுடைய ஷேன் வாட்சன் இறுதி ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் எடுக்க, சென்னை கோப்பையை வென்றது. 2021லும் 2023லும் மீண்டும் வென்றது. ஆனால், தலைமையைக் கைமாற்றும் முயற்சி எளிதாக நிறைவேறவில்லை. 2022இல் ரவீந்திர ஜடேஜாவிடம் தரப்பட்ட தலைமை, பருவத்தின் நடுவிலேயே தோனியிடம் திரும்பியது. 2025இல் ருதுராஜ் கெய்க்வாட் காயமுற்றபோது, 43 வயதான தோனியே மீண்டும் அப்பொறுப்பை ஏற்றார். அந்த ஆண்டு சென்னை முதல் முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தைப் பெற்றது.

இலங்கையின் வலைப்பந்து அணி இன்னும் கூர்மையான உதாரணம். யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 208 சென்ரிமீற்றர். வலைப்பந்தில் வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஓர் அணியில் இருவர் மட்டுமே கோல் போட அனுமதிக்கப்படுவர். எனவே, எதிரணியின் கைகளுக்கு எட்டாத உயரத்தில் பந்தைப் பிடிக்கக்கூடிய ஒருவர் இருந்தால், முழு ஆட்டத்தையும் அவரைச் சுற்றியே அமைக்கலாம். இலங்கை அதைத்தான் செய்தது. அவருடன் 2009லும், 2018லும் ஆசியக் கோப்பையை வென்றது. 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கோப்பையில், தமது 40ஆம் வயதில், போட்டியிலேயே அதிக கோல்களைப் போட்டவர் அவரே. ஆனால், 16 அணிகளில் இலங்கை பெற்றது 15ஆவது இடம்.

இந்த இரு எண்களும் சேர்ந்தே ஒரு செய்தியைச் சொல்கின்றன. உலகின் மிகச் சிறந்த கோல் கணக்கைக் கொண்ட ஒருவர் இருந்தும் அணி மேலே வரவில்லை என்றால், குறை அவரிடம் இல்லை. பந்தை அவரிடம் கொண்டு சேர்க்கும் நடுக்களமும், எதிரணியைத் தடுக்கும் பின்களமும், அவருக்குப் பின் அவ்விடத்துக்கு வரும் இளம் வீராங்கனைகளும் போதிய அளவில் வளர்க்கப்படவில்லை என்பதே பொருள். பிரேக்கர்ஸ் 37 வயதினருக்குச் சிறிய பங்கைக் கொடுத்தது. இலங்கையோ 40 வயதான ஒருவரிடம் முழுச் சுமையையும் ஒப்படைத்தது.

பாபகூராவில் தெரியும் இடைவெளி

ஆக்லாந்தின் தென்கோடியில், நகர மையத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கும் சற்று அப்பால் உள்ள பாபகூராவிலும் இதே வினா எழுகிறது. மாவோரி, பசிபிக் தீவு மக்களுடன் தெற்காசியக் குடியேறிகளும் கணிசமாக வாழும் பகுதி இது. இங்குள்ள புல்மன் அரங்கைத் தளமாகக் கொண்டு ஆடிய நார்தர்ன் ஸ்டார்ஸ் வலைப்பந்து அணியும், மூத்த வீராங்கனைகளின் துணையை நாடியது. நியூசிலாந்தின் முன்னாள் தடுப்பு வீராங்கனை அனா ஹாரிசன், தாயான பின்னரும், நாற்பது வயதை ஒட்டிய ஆண்டுகளில் அவ்வணிக்கு ஆடினார். 2019, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளில் அணி இறுதி ஆட்டத்தை எட்டியது. மூன்றிலும் தோற்றது.

தொழில்முறைக் கூடைப்பந்தோ தென் ஆக்லாந்துக்குத் தொலைவிலேயே இருந்துள்ளது. பிரேக்கர்ஸ் கழகம் வளர்ந்தது துறைமுகப் பாலத்துக்கு அப்பால், நகரின் வடகரையில். கோப்பைகள் குவிந்த ஆண்டுகளில் பாபகூராவின் சிறார் அந்த அணியை நேரில் காண, நகரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பயணிக்க வேண்டியிருந்தது. மூத்தவரின் அறிவு கைமாறுவதற்கு அருகாமை தேவை. ஓய்வு பெறும் தறுவாயில் உள்ள வீரர் ஒருவர் உள்ளூர் அரங்கில் மாலைப் பயிற்சி தருவதும், பள்ளி மாணவர்கள் அவரிடம் கேள்வி கேட்பதும் கோப்பைப் பட்டியலில் இடம்பெறாத, ஆனால் அடுத்த கோப்பையைத் தீர்மானிக்கும் செயல்கள்.

2008இல் பிரேக்கர்ஸ் அணியில் சேர்ந்த அபர்குரோம்பி, 400க்கும் மேற்பட்ட ஆட்டங்களுக்குப் பின் 2024இல் தமது 36ஆம் வயதில் ஓய்வு பெற்றார். 2013இல் 37 வயதினரிடமிருந்து கற்ற 25 வயது இளைஞர், பதினோரு ஆண்டுகள் கழித்து அவர்களது வயதை நெருங்கியே விடைபெற்றார். பௌச்சர் பின்னாளில் நியூசிலாந்து கூடைப்பந்துச் சங்கத்தின் தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்றார். 2013இன் கோப்பை பழைய கணக்காகிவிட்டது. ஆனால், அந்த அணியின் மூத்தவர்கள் விட்டுச்சென்ற முதலீடு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பலன் தந்தது. நெட்ஸ் அணி வாங்கிய மூத்தவர்களைக் குறித்து அவ்வாறு சொல்ல முடியாது. இலங்கையின் வலைப்பந்து நிர்வாகம் இவ்விரு பாதைகளில் எதைத் தெரிவு செய்கிறது என்பது, யாழ்ப்பாணத்துப் பள்ளி மைதானங்களில் இன்று ஆடும் சிறுமிகளுக்கு என்ன வாய்ப்பு தரப்படுகிறது என்பதைப் பொறுத்தே தெரியவரும்.