29 பேருடன் மறைந்த ஏஎன்-32: ஏழரை ஆண்டு கழித்து விடை கிடைத்தது எப்படி?

2016 ஜூலை 22, காலை எட்டரை மணி. தாம்பரம் விமானப்படை தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பியது ஏஎன்-32 ரக விமானம். உள்ளே 29 பேர். முக்கால் மணி நேரத்துக்குள் ரேடாரிலிருந்து மறைந்தது. அவர்களுக்கு என்ன ஆச்சு என்ற கேள்விக்கு 2024 ஜனவரியில்தான் பதில் வந்தது. ஏன் இவ்வளவு தாமதம்?

உடனே தேடவில்லையா?

தேடினார்கள். கடற்படை, கடலோரக் காவல்படை கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கி, செயற்கைக்கோள் படங்கள் என எல்லாமே இறங்கின. ஒரு துண்டுகூட கிடைக்கவில்லை. அதே செப்டம்பரில், 29 பேரும் 'இறந்ததாகக் கருதப்படுகிறார்கள்' எனக் குடும்பங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது.

'கருதப்படுகிறார்' என்றால்?

உடல் இல்லை, சாட்சி இல்லை, ஆனாலும் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும் என்று அர்த்தம். சாதாரணமாக, ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் அவர் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ராணுவ விபத்துகளில் விசாரணை நடத்தி முன்பே அறிவிப்பார்கள். பென்ஷன், இழப்பீடு எல்லாம் இந்த அறிவிப்பை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் காகிதம் வந்துவிட்டது என்பதற்காக மனசு ஆறிவிடுமா?

டோர்னியர் மட்டும் சீக்கிரம் கிடைத்தது ஏன்?

2015 ஜூன் 8 அன்று, சென்னையிலிருந்து கிளம்பிய கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூன்று பேருடன் காணாமல் போனது. ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதிலிருந்த கருவி கடலடியில் ஒலி சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருந்தது; ஆழமும் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். ஏஎன்-32 விஷயத்தில் அப்படி எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ரேடியோ மூலம் அவசரத் தகவல் அனுப்பும் கருவி கடலுக்கு அடியில் பயன்படாது. ரேடியோ அலை தண்ணீரில் வெகுதூரம் போகாது.

கடைசியில் யார் கண்டுபிடித்தது?

நம்ம பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம். அதன் ஆளில்லா நீர்மூழ்கி வாகனம் சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைந்த பாகங்களைப் படம் பிடித்தது. அங்கே வெளிச்சமே கிடையாது. நீரின் அழுத்தம் தரையில் உள்ள காற்றழுத்தத்தைப் போல சுமார் 340 மடங்கு. அதனால் முதலில் சோனார் ஒலியால் தரையை 'தடவி'ப் பார்த்து, பிறகுதான் கேமரா. படங்கள் ஏஎன்-32 விமானத்தோடு ஒத்துப்போகின்றன. அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல் போனதாகப் பதிவும் இல்லை. எனவே இது அந்த விமானமாகவே இருக்கலாம் என்றது பாதுகாப்பு அமைச்சகம்.

இன்னும் விடை கிடைக்காதவர்கள்?

1971 போருக்குப் பிறகு சுமார் 93,000 கைதிகளை இந்தியா பாகிஸ்தானுக்குத் திருப்பி அனுப்பியது. ஆனால் காணாமல் போன இந்திய வீரர்கள் 54 பேர் அங்கே சிறையில் இருப்பதாக இந்தியா நம்புகிறது, பாகிஸ்தான் மறுக்கிறது. 2007-ல் உறவினர்கள் 14 பேர் அந்நாட்டுச் சிறைகளுக்கே போய்ப் பார்த்தார்கள். யாரும் கிடைக்கவில்லை.

கடலடியில் தேட இன்று நம்மிடம் கருவி இருக்கிறது. அடுத்த நாட்டுச் சிறைப் பதிவேட்டைத் திறக்க, அந்த நாடு மனசு வைத்தால்தான் உண்டு.