பேக்யார்டுக்கு 12,000 டாலர் கடனா? முதல்ல தரைக்குக் கீழே பாருங்க

கனடாவில முதல் வீடு வாங்கின நம்ம ஆளுங்க, சாவி கையில வந்த ஆறாவது மாசம் என்கிட்ட கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "பின்னாடி வெறும் மண்ணா கிடக்கு. இன்டர்லாக், செடி, லைட் எல்லாம் சேர்த்து 12,000 டாலர் குவோட் வந்திருக்கு. லோன் போடலாமா?"

பதில் சொல்றதுக்கு முன்னாடி, நானே மாட்டிக்கிட்ட கதையைச் சொல்லிடறேன். வீடியோவில சொல்லக் கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு, அதனால இங்க எழுதறேன்.

5,200 டாலர் பாடம்

2022 ஆகஸ்ட். பிராம்ப்டன்ல எங்க வீட்டுக்குப் பின்னாடி 10க்கு 12 அடியில ஒரு பேட்டியோ போட முடிவு பண்ணினோம். வந்தவர் 5,200 டாலர் சொன்னார். "கேஷா கொடுத்தா எச்எஸ்டி வேண்டாம்." ஒன்டாரியோவில எச்எஸ்டி 13 சதவீதம். அதாவது 676 டாலர் மிச்சம். ரெண்டே நாள்ல வேலை முடிஞ்சது. பார்க்க அம்சமா இருந்துச்சு.

அடுத்த ஏப்ரல்ல பனி கரைஞ்சதும் போய்ப் பார்த்தேன். நடுவுல கல்லெல்லாம் மேல எழும்பி நிக்குது, ஓரத்துல உள்ள போயிருக்கு. மொத்தத் தரையும் வீட்டுச் சுவர் பக்கம் சாய்ஞ்சு, உருகின தண்ணி பேஸ்மென்ட் சுவரோரமா தேங்கி, உள்ளே கார்பெட் ஓரம் நனைஞ்சிருந்தது. அந்த ஆளுக்கு போன் போட்டேன், எடுக்கல. கையில பில் இல்ல, ஒப்பந்தம் இல்ல, உத்தரவாதம் இல்ல.

"ஊருக்கெல்லாம் பில் வாங்கு, பில் வாங்குன்னு சொல்ற ஆளு!" அப்படின்னு என் மனைவி ஒரே ஒரு வரிதான் சொன்னாங்க. சிஏ படிச்சதுக்கு அது போதும்.

ஏன் எழும்புச்சு?

கல்லைப் பெயர்த்துப் பார்த்தேன். கீழே களிமண், அதுக்கு மேல ரெண்டு அங்குல மணல். அவ்வளவுதான்.

குளிர் நாட்டுத் தோட்டக் கணக்கு இங்கதான் மாறுது. மண்ணுல இருக்கிற தண்ணி உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். அது மட்டும் இல்ல, உறையற இடம் கீழே இருக்கிற ஈரத்தையும் மேல இழுத்து, ஐஸ் அடுக்கு அடுக்கா சேரும். களிமண்ணுல இது ரொம்ப அதிகம். அந்த ஐஸ் கல்லைத் தூக்கும். வசந்தத்துல கரையும்போது எல்லா இடமும் ஒரே மாதிரி இறங்காது. தெற்கு ஒன்டாரியோவில டெக் தூணுக்கு சுமார் 4 அடி ஆழம் தோண்டச் சொல்றதும் இதனாலதான்.

நம்ம ஊர்க் கொல்லையில வாழையும் முருங்கையும் வெச்சா, பாத்திரம் கழுவின தண்ணியிலயே வளர்ந்துடும். இங்க அப்படி இல்ல. அதனால என் விதி இதுதான்: தரைக்குக் கீழே கஞ்சத்தனம் கூடாது, தரைக்கு மேலே தாராளம் கூடாது.

லோன் கணக்கு

12,000 டாலரை 20 சதவீத வட்டியில, அதாவது கிரெடிட் கார்டு ரேட்டுல, 36 மாசத்துல கட்டினா மாசம் சுமார் 446 டாலர். மொத்தம் கிட்டத்தட்ட 16,055. வட்டி மட்டும் 4,000க்கு மேல. நீங்க அந்தப் பேக்யார்டுல உட்காரப் போறது மே கடைசியிலிருந்து அக்டோபர் ஆரம்பம் வரை. மிச்ச மாசமெல்லாம் பனிக்கும் சேர்த்துதான் தவணை கட்டுறீங்க!

"வீட்டு மதிப்பு ஏறுமே?" ஏறலாம். ஆனா அதை நம்பிக் கடன் வாங்காதீங்க. வரிச் சலுகையும் கிடையாது. வாடகைக்கு விட்ட வீடுன்னா, தோட்ட வேலைச் செலவை அந்த வருஷ வாடகை வருமானத்துல கழிக்கலாம். நீங்க குடியிருக்கிற வீட்டுக்கு அது பொருந்தாது. இது முதலீடு இல்ல, சொந்தச் செலவு. அப்படியே நினைச்சு பட்ஜெட் போடுங்க.

அதே 36 மாசம், மாசம் 75 டாலர் தனியா எடுத்து வைங்க. 2,700 சேரும். 2023லிருந்து நாங்க செஞ்ச ரெண்டாவது முயற்சி 2,500லயே முடிஞ்சது.

தோண்டறதுக்கு முன்னாடி

முதல் வசந்தம் முழுக்க வெறும் வேடிக்கை பாருங்க. மார்ச், ஏப்ரல்ல பனி கரையும்போது தண்ணி எங்க நிக்குது, வெயில் எங்க விழுதுன்னு போன்ல படம் எடுத்து வைங்க. காசில்லாத சர்வே இது.

ரெண்டு வீட்டுக்கு நடுவுல சின்னப் பள்ளம் மாதிரி ஒரு வாய்க்கால் இருக்கும். அதை மூடாதீங்க. தண்ணி பக்கத்து வீட்டுக்குப் போனா நகராட்சி வரைக்கும் பிரச்சினை. புது வீட்டுக்கு டாரியன் உத்தரவாதம் இருந்தாலும், நீங்களே மாத்தினதால வந்த சேதத்துக்கு அது வராது.

மண்வெட்டியைத் தொடறதுக்கு முன்னாடி ஒன்டாரியோ ஒன் கால்ல பதிவு பண்ணுங்க. கேஸ், மின்சாரம், கேபிள் எங்க போகுதுன்னு வந்து குறிச்சுக் கொடுப்பாங்க. இலவசம்தான், ஆனா சட்டப்படி கட்டாயம்.

எங்க மூணு வருஷக் கணக்கு

*முதல் வருஷம், 1,150 டாலர்: தரைக்குக் கீழே*

- ஜல்லியும் கல்தூளும் டெலிவரியோட: 380
- மண்ணை இறுக்கும் மெஷின், ரெண்டு நாள் வாடகை: 180
- மழைநீர்க் குழாய் நீட்டிப்பு, சாய்வுக்கு மண்: 240
- உதவிக்கு ஆள்: 350

10க்கு 12 அடி இடத்துக்கு 6 அங்குலம் ஜல்லின்னா 60 கன அடி, கிட்டத்தட்ட 3 டன். ஒரேயடியா கொட்டாதீங்க, ரெண்டு மூணு அடுக்கா போட்டு ஒவ்வொண்ணையும் இறுக்கணும். வீட்டிலிருந்து வெளிப்பக்கம் அடிக்குக் கால் அங்குலம் சாய்வு வேணும். பழைய கல்லையே திரும்பப் போட்டோம். கல் இல்லாதவங்க, மார்க்கெட்ப்ளேஸ்ல பழைய கல் தேடுங்க. பலர் எடுத்துட்டுப் போனா போதும்னு கொடுப்பாங்க.

*ரெண்டாம் வருஷம், 850 டாலர்: நிக்கறது*

- மரக்கன்றும் புதர்ச் செடியும்: 120
- காய்கறிப் பாத்திக்கு சீடர் பலகை: 330
- மேல்மண்: 250
- தள்ளுபடியில வாங்கின பல்லாண்டுச் செடிகள்: 150

மே மாச நீண்ட வார இறுதியில நர்சரிக்குப் போனா முழு விலை. செப்டம்பர் கடைசியில அதே செடி பாதி விலைக்கு வரும். மண் உறையறதுக்கு ஆறு வாரம் முன்னாடி நட்டா வேர் பிடிச்சுடும். லேபிள்ல ஸோன் எண் பாருங்க. எண் குறைஞ்சா அதிகக் குளிர் தாங்கும். எங்க பக்கம் 6ஐ ஒட்டி வரும், நான் 5க்கு மேல வாங்கறதில்ல. தொட்டியில வைக்கிறதா இருந்தா இன்னும் ரெண்டு எண் குறைச்சு வாங்குங்க.

நான் வெச்ச மரம் சர்வீஸ்பெர்ரி. வசந்தத்துல பூ, ஜூன்ல பழம். கூடவே ரெட் ஓசியர் டாக்வுட். பனி நடுவுல அதோட தண்டு சிவப்பா நிக்கும். பேக்யார்டுக்கு ஜனவரியிலயும் ஒரு அழகு வேணும் இல்லையா? இலை விடறதுக்கு முன்னாடி குச்சி ஒடிச்சு ஈர மண்ணுல நட்டாலே வளரும்.

*மூணாம் வருஷம், 500 டாலர்: அலங்காரம்*

- புல் விதை: 110
- பழைய நாற்காலி: 190
- சோலார் விளக்கு: 60
- பூண்டு, பூச்செடி: 140

புல் விதைக்க நல்ல நேரம் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் ஆரம்பம். பூண்டு அக்டோபர்ல நட்டா பனிக்கு அடியில தூங்கி அடுத்த ஜூலையில கிடைக்கும். ஹோஸ்டா, டே லில்லிக்குக் காசு கொடுக்காதீங்க. அவை பெருகிடும், பக்கத்து வீட்டு ஆன்ட்டியே பிரிச்சுக் கொடுப்பாங்க. கறிவேப்பிலை மட்டும் தொட்டியில. ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போகுதுன்னா வீட்டுக்குள்ள தூக்கிடுங்க.

ஆள் வெச்சுத்தான் செய்யணும்னா

முதுகுவலி இருக்கு, நேரம் இல்லைன்னா ஆள் வைக்கிறதுல தப்பே இல்ல. மூணு குவோட் வாங்குங்க. விலைக்கு முன்னாடி ஒரு கேள்வி: "கல்லுக்குக் கீழே எத்தனை அங்குலம் ஜல்லி போடுவீங்க?" பதிலை எழுத்துல வாங்குங்க. பில் எச்எஸ்டியோட இருக்கட்டும். கடைசித் தவணையை வேலை முடிஞ்ச பிறகு கொடுங்க. நான் மிச்சம் பிடிச்ச 676 டாலருக்காக 5,200ஐயும் இழந்தேன். அதையும் சேர்த்தா என் பேக்யார்டுக்கு ஆன செலவு 7,700. உங்களுக்கு 2,500ல முடியட்டும்.

எங்க பேட்டியோ ரெண்டு குளிர்காலம் தாண்டிடுச்சு. ஒரு கல்லும் அசையல. பேஸ்மென்ட் கார்பெட்டும் காய்ஞ்சே இருக்கு. போன சனிக்கிழமை மனைவி அங்க உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டே கேட்டாங்க: "இந்த ஜல்லிக்கு பில் வாங்கினீங்கல்ல?"

வாங்கிட்டேன். ஃபைல்ல இருக்கு.