தொட்டியில் வளரும் முருகைக்கற்களும் ஒளியும்

பயிர்களுக்கு நீரும் பசளையும் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியமானது சூரிய ஒளி என்பதைக் கமக்காரர் யாவரும் அறிவர். மரநிழலில் அமைந்த வயலிலே நெற்பயிர் மெலிந்து நெடிது வளர்ந்து, மட்டம் குறைந்து, பதர் மிகுந்து நிற்பதைக் கண்டிராதார் இலர். ஆயின், கடலடியில் வாழும் ஒரு விலங்கும் இவ்வாறே ஒளியை நம்பி வாழ்கின்றதென்பது பலர் அறியாத செய்தியாகும். முருகைக்கல்லை உண்டாக்கும் சிற்றுயிரே அவ்விலங்காகும்.

இன்று பல நாடுகளில் வீட்டினுள் கண்ணாடித் தொட்டி அமைத்து, அதில் உவர்நீர் நிரப்பி, இவ்வுயிரை வளர்த்து வருகின்றனர். இவ்வளர்ப்பில் நேரும் நட்டங்கள் பல ஒளியைப் பற்றிய விளக்கக் குறைவினால் உண்டாவன. ஆண்டுக்கணக்கில் வளர்ந்த ஒரு கிளைமுருகை, பொருந்தாத விளக்கின் கீழ்ச் சில நாட்களுள் வெளிறி இறந்துபடக்கூடும். ஒளியை அளந்து கொடுக்கும் முறையோ நாற்றுமேடை பராமரித்துப் பழகியவர்க்கு எளிதில் விளங்கக்கூடியதாகும்.

முருகையும் அதனுள் வாழும் அல்காவும்

வன்முருகை என்பது பொலிப்பு எனப்படும் சிற்றுயிர்கள் ஒன்றுசேர்ந்து வாழும் கூட்டமாகும். இவை கடல்நீரிலுள்ள கல்சியத்தையும் காபனேற்றையும் கொண்டு சுண்ணாம்புக் கல்லாலான கூட்டினை அமைக்கின்றன. கரையோரச் சூளைகளிலே சுண்ணாம்புக்காக எரிக்கப்பட்டு வந்த கல் இதுவே.

இப்பொலிப்பின் இழையத்துள் கண்ணுக்குப் புலனாகாத ஒருகல அல்காக்கள் வாழ்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, அதிற் பெரும்பங்கைத் தமக்கு இடமளித்த முருகைக்குக் கொடுக்கின்றன. முருகை தன் கழிவாகிய காபனீரொட்சைட்டையும் நைதரசன் சேர்வைகளையும் அவற்றுக்குப் பசளையாக அளிக்கின்றது. நல்ல ஒளியுள்ள இடத்தில் முருகைக்குத் தேவையான சத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரை இவ்வழியாற் கிடைக்கலாம்.

யமேக்கா தீவிலே ஆய்வு நடாத்திய தோமசு கோரோ என்பார், கதிர்த்தொழிற்பாடுடைய கல்சியத்தைப் பயன்படுத்தி, இருளிலும் பார்க்க ஒளியில் முருகைகள் விரைவாகக் கல்லைப் படியச் செய்கின்றன என்பதை 1959இல் வெளியிட்டார். பிற்காலத்து ஆய்வுகளின்படி இவ்வேறுபாடு சராசரியாக மூன்று மடங்கு வரையிலாகும். எனவே, ஒளி குறையின் முருகை பசியால் வாடுவதோடு அதன் கல்லும் வளர்ச்சி குன்றும்.

ஒளியின் நிறம்

பச்சையத் தாவரங்களைப் போலவே, முருகையினுள் வாழும் அல்காக்களும் 400 முதல் 700 நனோமீற்றர் வரையுள்ள அலைநீள ஒளியையே பயன்படுத்துகின்றன. ஆயினும், கடல்நீர் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் உட்புக விடுவதில்லை. செந்நிறம் முதற் சில மீற்றர் ஆழத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும். நீலநிறமோ ஆழமாகச் செல்லும். இவ்வல்காக்களில் பச்சையத்தோடு பெரிடினின் என்னும் நிறப்பொருளும் இருத்தலால், நீலத்தையும் நீலப்பச்சையையும் இவை சிறப்பாக ஏற்கின்றன.

நண்பகல் வெயிலின் நிறவெப்பநிலை ஏறத்தாழ 5,500 கெல்வின் ஆகும். முருகைத் தொட்டிகளுக்கு 10,000 முதல் 20,000 கெல்வின் வரையுள்ள நீலஞ்சார்ந்த விளக்குகளை வளர்ப்போர் விரும்புவதற்கு மேற்கூறியதே காரணம். மனிதக் கண் பச்சை ஒளியையே மிகுதியாக உணரும். ஆதலின், நமக்கு மங்கலாகத் தோன்றும் நீல விளக்கொன்று முருகைக்கு மிகையான ஒளியைக் கொடுத்துக்கொண்டிருத்தல் கூடும். கண்மட்டத்தை நம்பி ஒளியைத் தீர்மானித்தல் ஆகாது.

ஒளியின் அளவு

ஒளிச்செறிவை ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனில் விழும் போட்டன்களின் எண்ணிக்கையால், மைக்குரோமோல் என்னும் அலகில் அளப்பர். முகிலற்ற நண்பகலில் திறந்த வயலில் ஏறத்தாழ 2,000 மைக்குரோமோல் ஒளி விழுகின்றது. தொட்டியில் இவ்வளவும் வேண்டியதில்லை. வளர்ப்போர் அனுபவத்தால் ஏற்றுக்கொண்ட அளவுகள் பின்வருமாறு:

1. மூளைமுருகை, யூபில்லியா முதலிய பெரிய பொலிப்புடைய இனங்கள்: 50 முதல் 150 வரை.
2. அக்குரோப்பொரா முதலிய சிறிய பொலிப்புடைய கிளையினங்கள்: 200 முதல் 400 வரை.

ஒளி ஓர் எல்லையைக் கடந்தபின் உணவுத் தயாரிப்பு மேலும் பெருகுவதில்லை. அதற்கும் மேற்சென்றால் தீங்கே விளையும். யூரியாவை மிகுதியாக இட்ட நெல் விளைச்சலைக் கூட்டாது சாய்ந்துவிடுவதை இதனோடு ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

தொட்டியின் அடித்தளத்திலும் பார்க்க நீர்மட்டத்துக்கு அண்மையில் ஒளி மிகுதியாகும். ஆதலின் கிளையினங்களை மேலும், பெரிய பொலிப்புடையவற்றைக் கீழும் வைத்தல் முறை. மேலுள்ள முருகை பரந்து வளர்ந்து கீழுள்ளதை மறைக்குமாயின், நெருங்கிய பயிரைக் கலைப்பது போல் அதனைக் கத்தரித்து இடைவெளி உண்டாக்குதல் வேண்டும்.

நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் முழு ஒளி போதுமானது. காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு மணித்தியாலம் நீல ஒளியை மட்டும் கொடுத்தல் வழக்கம். இரவில் தொட்டி இருளாய் இருத்தல் வேண்டும். பல இனங்கள் தம் பரிசக்கொம்புகளை நீட்டி இரை பிடிப்பது அப்பொழுதே. நேரம் தவறாதிருக்கத் தன்னியக்க ஆளியைப் பொருத்துதல் நன்று.

விளக்கு வகைகள்

தொடக்கத்தில் சூரிய ஒளியே இதற்குப் பயன்பட்டது. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார், உயிர்ப்பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் வெயிலையும் கொண்டு கடலுயிர்களைத் தொட்டியில் வளர்த்த முறையை 1961இல் வெளியிட்டார். வெயில் குறைந்த ஐரோப்பிய நாடுகளில் இம்முறையை அவ்வாறே கைக்கொள்ள இயலவில்லை. பெர்லின் நகரத்து வளர்ப்போர் 1980களில் உலோக ஏலைட்டு விளக்குகளைப் பயன்படுத்தி, கிளைமுருகைகளை வளர்ப்பதிலும் அவற்றின் துண்டுகளிலிருந்து புதியவற்றைப் பெருக்குவதிலும் வெற்றி கண்டனர்.

உலோக ஏலைட்டு விளக்கு செறிந்த ஒளி தரும். ஆயின் நீரை மிகவும் சூடாக்கும், மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். குழல் விளக்குகள் நிழலின்றிப் பரவலாக ஒளி தரும். ஓராண்டளவில் அவற்றின் ஒளி குன்றுதலால் மாற்றப்படல் வேண்டும். ஒளிகாலும் இருவாயி எனப்படும் எல்.ஈ.டி. விளக்குகள் இன்று பெரிதும் வழக்கிலுள்ளன. இவற்றிற் செலவு குறைவு. செறிவைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஆயினும், ஒரே புள்ளியிலிருந்து ஒளி விழுவதால் கிளைகளின் கீழ் ஆழ்ந்த நிழல் உண்டாகும். விளக்குகளைப் பரவலாக அமைத்து இதனைத் தவிர்க்கலாம்.

புதியனவற்றைப் பழக்குதல்

மிளகாய், தக்காளி நாற்றுக்களுக்கு இட்ட கிடுகுப் பந்தலை ஒரே நாளில் அகற்றும் கமக்காரர் இலர். நிழலைப் படிப்படியாகக் குறைத்து, நாற்றை வெயிலுக்குப் பழக்கிய பின்னரே தோட்டத்தில் நடுவர். முருகைக்கும் இதுவே முறையாகும். புதிதாகப் பெற்றதை முதலில் தொட்டியின் அடியில் வைத்து, மூன்று நான்கு வாரங்களில் சிறிது சிறிதாக உயர்த்துதல் வேண்டும். அன்றேல், விளக்கின் செறிவைப் பாதியாகக் குறைத்து வாரந்தோறும் கூட்டலாம்.

பழைய குழல் விளக்கை மாற்றும்பொழுதும் இவ்வவதானம் தேவை. மஞ்சள் நிறமேறிய நீரை ஏவப்பட்ட கரியினால் தெளிவித்தாலும் ஒளி திடீரென மிகும். அப்பொழுதும் சில நாட்கள் விளக்கைக் குறைத்து வைத்தல் வேண்டும்.

கவனிக்க வேண்டிய குறிகள்

கிளைகள் கபில நிறமடைந்து மெலிந்து நீளுதலும், அடிப்பாகம் இறத்தலும் ஒளிக் குறைவின் குறிகளாம். மேற்பக்கம் வெளிறுதல், பொலிப்புக்கள் உள்ளொடுங்கியே இருத்தல் என்பன ஒளி மிகுதியைக் காட்டும். வெளிறிய முருகை உடனே இறந்ததாகக் கொள்ளற்க. அல்காக்களை இழந்த இழையம் ஒளி ஊடுபுகுவதாய் மாறுவதால் அடியிலுள்ள வெண்கல் தெரிகின்றது. உடனே நிழலும் நல்ல நீரோட்டமும் கொடுத்தால் அது மீளுதல் கூடும்.

ஒளி எவ்வளவு சிறந்ததாயினும், நீர் பொருந்தாவிடிற் பயனில்லை. வெப்பநிலை 25 முதல் 27 பாகை செல்சியசு வரையிலும், கல்சியம் ஒரு இலீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரையிலும் இருத்தல் நன்று. வெப்பமும் ஒளியும் ஒருங்கே மிகுதல் பேராபத்தாகும்.

நமது கடலுக்கு இதனாலாய பாடம்

தொட்டியில் நேரும் இவ்வாபத்தே கடலிலும் நேர்கின்றது. கடல்நீர் வழக்கமான உச்ச வெப்பநிலையிலும் ஒரு பாகை செல்சியசு அளவு கூடிச் சில வாரங்கள் நிலைப்பின், முருகைகள் வெளிறத் தொடங்கும். 1998இல் இந்து சமுத்திரமெங்கும் இவ்வாறு நேர்ந்தபொழுது, இக்கடுவை முதலிய இடங்களில் இலங்கையின் முருகைக் கற்பாறைகளும் பெருஞ்சேதம் அடைந்தன. இப்பாறைகள் அலைகளின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காப்பன. கரை அரிக்கப்படின் உவர்நீர் உட்புகுந்து கரையோர வயல்களும் கிணறுகளும் கெடும்.

ஆகவே, எவரேனும் தொட்டி அமைக்க விரும்பின், கடலிலிருந்து உயிர்முருகையை உடைத்தெடுத்தல் கூடாது. நமது கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்தல் சட்டத்தினால் தடுக்கப்பட்டுள்ளது. வன்முருகைகளின் சர்வதேச வர்த்தகமும் உடன்படிக்கையொன்றின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. தொட்டியில் வளர்ந்த தாய்முருகையின் சிறு துண்டொன்றே விதைப்பொருளாகப் போதும். மரவள்ளித் தடி நட்டுப் பயிர் பெருக்குபவர்க்கு இது புதுமையன்று. துண்டை நட்டு, ஒளியை அளந்து கொடுத்து, பொறுமையுடன் காத்திருப்பின் அது கிளைவிட்டு வளரும்.