வெள்ளம் வடிந்ததும் பள்ளியில் முதலில் பார்க்க வேண்டிய இடம்

நம் ஊர் ஆனைக்குட்டத்துக்கும் வெள்ளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அர்ச்சுனா நதியில் அணை இருந்தாலும் இது வானம் பார்த்த பூமிதானே? பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அங்குள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எனவே வெள்ளம் வடிந்ததும் என்ன செய்வது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

வெள்ளம் வடிந்து பள்ளி திறக்கும்போது கூரை, சுவர், மின்சாரம் எல்லாம் பார்ப்பார்கள். பெண்பிள்ளைகளின் கழிப்பறையைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். அது தப்பு. ஏனென்றால் வெள்ளக் காலத்தில் பள்ளிக்கூடம்தான் நிவாரண முகாம். ஊரே பயன்படுத்திய கழிப்பறை அடைத்துக் கிடக்கும், செப்டிக் டேங்க் நிரம்பி நிற்கும், தாழ்ப்பாள் உடைந்திருக்கும்.

ஒரு வாரம் சமாளிக்க முடியாதா? பையன்கள் சமாளிப்பார்கள். உங்கள் மகள் என்ன செய்வாள் தெரியுமா? காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள், சிறுநீரை அடக்கிக்கொள்வாள். அதில் நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் (சிறுநீர்ப் பாதையில் கிருமி சேர்வது) வரும். மாதவிடாய் நாள் என்றால் பள்ளிக்கே போக மாட்டாள். அம்மா பட்டாசு ஆலைக்குப் போய்விடுகிற வீட்டில் அவள் நின்றது சாயங்காலம்தான் தெரியும்.

அரசு தரும் நாப்கின் போதாதா? ‘புதுயுகம்’ திட்டத்தில் 10 முதல் 19 வயதுவரை உள்ள பெண்பிள்ளைகளுக்கு 2 மாதத்துக்கு 3 பொட்டலம், ஒவ்வொன்றிலும் 6 நாப்கின். மாதத்துக்கு 9 என்று ஆகிறது. நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றால், இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். மழைக்காலம் தொடங்குமுன் இரண்டு பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே உயரத்தில் வையுங்கள்.

நாப்கின் தீர்ந்தால் துணி வைப்பது கெடுதலா? இல்லை. ஈரத்துணிதான் கெடுதல். வெள்ளத் தண்ணீரில் அலசவே கூடாது. சுத்தமான தண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைத்து, நன்றாகக் காயவைக்க வேண்டும். கூச்சப்பட்டு வேறு துணிக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டால் காயாது. வெயில் இல்லாத நாளில் இஸ்திரிப் பெட்டி உதவும். பயன்படுத்திய நாப்கினைக் காகிதத்தில் சுற்றி மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடச் சொல்லுங்கள். கழிப்பறைக்குள் போட்டால், முகாமுக்குப் பிறகு சுத்தம் செய்ததெல்லாம் வீண்.

பள்ளிக் குழாயில் வருகிற தண்ணீர் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணுக்குத் தெளிவாக இருப்பது போதாது. செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும் மூழ்கியிருந்தால், பக்கத்துக் கிணற்றிலும் அடிபம்பிலும் மலக்கிருமி கலந்திருக்கலாம். மேல்நிலைத் தொட்டியைக் கழுவிவிட்டு ப்ளீச்சிங் பவுடர் போட்டார்களா என்று பஞ்சாயத்தில் கேளுங்கள். போட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம். குழாய்த் தண்ணீரைக் குளோரோஸ்கோப்பில் (குளோரின் அளவைக் காட்டும் சிறு கருவி) சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். சொட்டுமருந்து விட்டதும் மஞ்சளாக மாறினால் குளோரின் இருக்கிறது. மாறாவிட்டால், கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரை வீட்டிலிருந்தே கொடுத்தனுப்புங்கள். தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது.

எத்தனை கழிப்பறை இருக்க வேண்டும்? பேரிடர் உதவிக்கான ‘ஸ்பியர்’ என்ற உலக அளவுகோல், பள்ளியில் 30 பெண்பிள்ளைகளுக்கு ஒன்று என்கிறது. எண்ணிக்கையைவிட நான் தாழ்ப்பாளையும் உள்ளே தண்ணீர் வசதியையும்தான் முதலில் பார்ப்பேன். பத்துக் கழிப்பறை இருந்தாலும் கதவைப் பூட்ட முடியாவிட்டால் பயனில்லை.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? தலைமை ஆசிரியரிடம் தனியாகப் போய் நிற்க வேண்டியதில்லை. பெற்றோர் அதிகம் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் உண்டு. அதில் சொல்லித் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். அவசரம் என்றால் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண் 1077. உடம்புக்கு முடியவில்லை என்றால் 104. பள்ளி திறப்பதற்கு முந்தின நாளே அம்மாக்கள் இரண்டு பேர் சேர்ந்து போய், கழிப்பறைக்குள் நின்று தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.