இரண்டு வயதில் நிறுத்தியிருந்தால்…

பட்டர்வொர்த்தில் கம்யூட்டர் ரயில் ஏறினால் படாங் பெசார் எல்லை வரை போகலாம். எல்லைக்கு அப்பால், 2022 ஜூனில் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. விடுமுறைக்கு ஹட்யாய் போய் வந்த தோழி ஒருத்தி, "இலைதானே, மசக்கைக்குக்கூட நல்லதாம்" என்றாள்.

அப்போது என் அக்காவுக்கு மூன்றாவது மாதம். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. அவள் கஞ்சாவைத் தொடப் போவதில்லை. நம் நாட்டுச் சட்டமும் விடாது. ஆனாலும் அந்த "நல்லதாம்" எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன்.

தோழியைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவின் கொலராடோவில் கஞ்சா விற்கும் 400 கடைகளுக்கு ஆய்வாளர்கள் தொலைபேசியில் அழைத்து, எட்டு வாரக் கர்ப்பிணி போலப் பேசி மசக்கைக்கு வழி கேட்டார்கள். ஏறக்குறைய 70 விழுக்காட்டுக் கடைகள் கஞ்சாவைப் பரிந்துரைத்தன. 2018இல் வெளிவந்த ஆய்வு இது. கடைக்காரர் மருத்துவர் இல்லையே!

கஞ்சாவில் உள்ள டிஎச்சி என்ற போதை வேதிப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடையும். பிறகு என்ன ஆகிறது என்று பார்க்க, கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக உளவியலாளர் பீட்டர் ஃபிரைட் 1978இல் ஒட்டாவாவில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். கர்ப்பிணிகளிடம் கஞ்சா, சிகரெட், மதுப் பழக்கங்களைக் கேட்டுப் பதிந்து, அவர்களின் பிள்ளைகளை இளைஞர்களாகும் வரை பரிசோதித்து வந்தார். தாய் கஞ்சா புகைத்திருந்தால், பிறந்த குழந்தையிடம் நடுக்கமும் திடுக்கிடலும் அதிகம் தெரிந்தன. இரண்டு வயதில் எந்த வேறுபாடும் இல்லை. ஆய்வு அங்கேயே முடிந்திருந்தால் "பாதிப்பில்லை" என்று எழுதி மூடியிருப்பார்கள். நான்கு வயதில்தான், அதிகம் புகைத்த தாய்மாரின் பிள்ளைகள் நினைவாற்றலிலும் மொழித்திறனிலும் பின்தங்கியது தெரிந்தது. ஒன்பது வயதுக்குப் பிறகு பொது அறிவுத்திறன் சமமாகவே இருந்தது. கவனம், பார்த்ததைப் பகுத்துணர்தல் ஆகியவற்றில் சிறு குறைகள் தென்பட்டன.

ஜமாய்க்காவிலிருந்து வேறு கதை வருகிறது. (இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு கப்பலேறிப் போன 'கஞ்சா' என்ற சொல் அங்கே இன்றும் புழக்கத்தில் உள்ளது.) மெலனி டிரெஹர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், கஞ்சா பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் ஒரு மாதத்தில் சில சோதனைகளில் மற்றக் குழந்தைகளைவிட நன்றாகவே செய்தன. மொத்தமே 44 குழந்தைகள்தான். அதிகம் பயன்படுத்திய தாய்மார் படித்தவர்கள், சொந்த வருமானம் உள்ளவர்கள். குழந்தையின் நலனுக்குக் காரணம் கஞ்சாவா, வீட்டு நிலையா? கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி ஒரு பிரிவுக்குக் கஞ்சா கொடுத்துப் பார்க்க எந்த ஆய்வாளராலும் முடியாது. அதனால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன.

அதற்குள் கஞ்சாவே மாறிவிட்டது. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் டிஎச்சி அளவு 1995இல் சுமார் 4 விழுக்காடு. 2014இல் சுமார் 12. ஒட்டாவா தாய்மார் புகைத்ததும் இன்று கடையில் விற்பதும் ஒன்றல்ல.

அக்காவுக்கு டாக்டர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தோழியிடம் ஒட்டாவா கதையைச் சொன்னேன். இரண்டு வயதில் வேறுபாடில்லை என்றதும், "பார்த்தியா!" என்றாள். "இரு, இன்னும் முடியல" என்றேன்.